திருப்பூர் சாயப்பட்டறை கேஸ் ஸ்டடி: “இது வரலாறு, பகுப்பாய்வு எங்கே?”

கேள்வி: ரெண்டாம்வருஷம்

எம்பிஏ ரெண்டு பேர், எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி) ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கேஸ் ஸ்டடி செய்யணும். ஆறு வாரம், 12 பக்கம். நாங்க எடுத்துக்கிட்டது திருப்பூர் சாயப்பட்டறைகளும் நொய்யல் ஆறும். முதல் வரைவு திரும்பி வந்திருச்சு. ஓரத்தில் ரெண்டே வரி: “இது வரலாறு, பகுப்பாய்வு எங்கே?” “இந்த ஸ்வாட் அட்டவணையில் ஊர்ப் பெயரை மாற்றினால் சிவகாசிக்கும் பொருந்தும்.” (ஸ்வாட்னா பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்துன்னு நாலு கட்டம்.)

ரெண்டாவது வரி நியாயம்னு எங்களுக்கே தெரியுது.

கையில் இருக்கறது: உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளோட நகல், பத்திரிகைச் செய்திகள், ஏற்றுமதிப் புள்ளிவிவரம், ரெண்டு பட்டறை உரிமையாளர் பேட்டி, ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் நாலு விவசாயிகள் பேட்டி.

மூணு இடத்தில் மாட்டிக்கிட்டோம்.

1. எங்கே தொடங்கறது? எங்க வரைவு 1970களில் தொடங்கி இன்னைக்கு வரைக்கும் வருது.
2. தொழில் பக்கம் எம்பிஏ எழுதினது, சமூகப் பக்கம் எம்எஸ்டபிள்யூ எழுதினது. ரெண்டு கட்டுரையை ஸ்டேப்ளர் போட்ட மாதிரி இருக்கு.
3. எண்கள். “சுத்திகரிச்சா கட்டுப்படியாகாது”ன்னு பட்டறைக்காரங்க சொல்றாங்க. “லாபத்தில் சில்லறைக் காசு”ன்னு விவசாயிகள் சொல்றாங்க. யார் சொல்றது சரின்னு நாங்களே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: கணக்குப்பிள்ளை

உங்கள் வரைவைப் பார்க்காமலே சொல்லலாம், முதல் வரி “பின்னலாடைத் தலைநகரம் என்று அழைக்கப்படும் திருப்பூர்” என்றுதான் இருக்கும். அதை அடித்துவிடுங்கள்.

யார், எந்தத் தேதியில், எதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்ற மூன்றுக்கும் விடை இல்லையென்றால் அது கேஸ் ஆகாது, தலவரலாறுதான். தேதியை மாற்றினால் கேஸே மாறிவிடும். உங்களிடம் இருக்கும் தீர்ப்புகளிலேயே மூன்று தேதிகள் கிடக்கின்றன.

2006 டிசம்பர் 22. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, 2007 ஜூலை 31 வரை கெடு வைத்தது. அதுவரை வெளியேறும் கழிவுநீருக்கு அபராதம், லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை ஏறும். அந்த வாரத்தில் ஒரு பட்டறை உரிமையாளர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவருக்கு முன்னால் இருப்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை. இந்தக் கெடுவை நம்புவதா வேண்டாமா, அதுதான் கேள்வி. சுத்திகரிப்புக்கு லிட்டருக்கு ஆகும் செலவு அபராதத்தைவிட அதிகம் என்றால், அபராதம் தண்டனையாக இருக்காது, வாடகை ஆகிவிடும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டினால் ஒரு பக்கம் பகுப்பாய்வு வந்துவிட்டது.

2009 அக்டோபர். உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற உத்தரவை உறுதி செய்தது. இப்போது கேள்வி, பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் நிர்வாகக் குழுவுக்கு. உறுப்பினர்களில் சிலர் பணம் கட்டுகிறார்கள், சிலர் இழுத்தடிக்கிறார்கள். ஒருவர் ஏமாற்றினாலும் குழாயின் முனையில் மொத்த நிலையமும் தோற்கும். கூட்டுச் செயல்பாட்டுச் சிக்கலுக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கஷ்டம்.

2011 ஜனவரி 28. உத்தரவு நிறைவேறவில்லை என்று அவமதிப்பு வழக்கில் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம், மின் இணைப்பையும் துண்டிக்கச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். இங்கே கேள்வி கைப்பணமும் காலமும்.

ஆறு வாரத்துக்கு மூன்றாவதைத்தான் சொல்வேன். “2011 பிப்ரவரி முதல் வாரம், பொது நிலையத்தில் உறுப்பினராக உள்ள நடுத்தரப் பட்டறை உரிமையாளர்” என்று ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். அவர் முன் நான்கு வழி இருக்கிறது: பொது நிலையத்துக்குக் கூடுதல் மூலதனம் போடுவது, சொந்தமாக நிலையம் கட்டுவது, துணியை வேறு ஊருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கி வாடிக்கையாளரைத் தக்கவைப்பது, கடையைக் கட்டுவது.

இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. அந்தத் தேதியில் அவருக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துத்தான் முடிவைப் பகுத்தாய வேண்டும். 2011 பிப்ரவரியில் தேர்தல் தேதிகூட அறிவிக்கப்படவில்லை. மே மாதம் ஆட்சி மாறும் என்பதை வைத்து “அவர் பொறுத்திருக்க வேண்டும்” என்று எழுதினால் அது ஜோசியத்தைப் பின்னாலிருந்து சொல்வது. 2011 பிப்ரவரிக்குப் பின் வந்த எல்லாத் தாளையும் தனிக் கவரில் போட்டு மூடிவைத்துவிட்டு முதல் நான்கு வாரம் வேலை செய்யுங்கள். ஐந்தாம் வாரம் திறந்து, உங்கள் முடிவை நடந்ததோடு ஒப்பிடுங்கள்.

ஸ்வாட் வேண்டாம். அதற்குப் பதில் ஒரே ஒரு வகுத்தல்: கையிருப்புப் பணம் ÷ மூடியிருக்கும்போதும் ஓடும் மாதச் செலவு. கடன் தவணை, வாடகை, முக்கிய ஆட்களைத் தக்கவைக்கும் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 6 லட்சம், கையில் 30 லட்சம் என்று வைத்தால் 5 மாதம் தாங்கும். அப்படியானால் 8 மாதம் பிடிக்கும் எந்த வழியும், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அவருக்கு வழியே இல்லை. ஏற்றுமதியாளரிடம் நிலுவையில் இருக்கும் ஜாப் ஒர்க் (சாயக்கூலி) பாக்கி எத்தனை நாளில் வரும் என்று கேட்டு அதையும் சேருங்கள். பேட்டியில் நீங்கள் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். “என்னென்ன சவால்களைச் சந்தித்தீர்கள்” என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

பதில்: எம்எல்ஆர்

மூணாவது கேள்விக்கு நான் வர்றேன். யார் சொல்றது சரின்னு கேட்டா, ரெண்டு பேரும் சரி. அலகுதான் வேற. கணக்கைப் போட்டுப் பார்த்தாத் தெரியும்.

முதல்ல பிரச்சினை சாயம் இல்லீங்க, உப்பு. செய்தித்தாளில் சிவப்புத் தண்ணி போட்டோ போட்டுப் போட்டு எல்லாரும் நிறத்தையே பிடிச்சுக்கிட்டாங்க. நிறத்தை எடுக்கிறது சுலபம். சுண்ணாம்பு, ஃபெரஸ் சல்பேட், பயாலஜிக்கல் டேங்க்னு பழைய முறையிலயே பெரும்பாலும் போயிரும். உப்பு அந்த எதிலயும் போகாது. பழைய நிலையங்கள் தண்ணியைத் தெளிய வச்சு, உப்போட ஆத்துல விட்டுச்சு. “சுத்திகரிச்சுத்தானே விடறோம்”னு பட்டறைக்காரங்க சொன்னதும் பொய்யில்ல, கிணறு கரிச்சதும் பொய்யில்ல.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடறப்போ, சாயத்தை நூலுக்குள்ள தள்ளறதுக்கு உப்பு போடறோம், சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ. வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் போதும். கருப்பு, நேவின்னா 80க்கு மேல. உப்பு துணியில் ஒட்டாது, போட்டது அத்தனையும் தண்ணியோட வெளிய வரும்.

இப்போ ஒரு பட்டறை, நாளைக்கு 5 டன் துணி. கீழ வர்ற எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. நீங்க பட்டறையில் பேட்ச் கார்டு வாங்கி உங்க எண்ணைப் போடுங்க.

எம்எல்ஆர், அதாவது துணிக்கும் தண்ணிக்கும் உள்ள விகிதம், சாஃப்ட் ஃப்ளோ மெஷின்ல 1:8. ஒரு கிலோவுக்கு 8 லிட்டர் சாயக்குளியல். உப்பு சராசரி லிட்டருக்கு 60 கிராம். ஆக கிலோ துணிக்கு 480 கிராம் உப்பு. துணியில் பாதி எடை உப்பு, யோசிச்சுப் பாருங்க. பழைய வின்ச்சில் 1:20ன்னா 1,200 கிராம், துணியைவிட உப்பு அதிகம். மெஷினை மாத்தறதே பாதிச் சுத்திகரிப்புன்னு சொல்றது இதனாலதான்.

ப்ளீச்சிங், அலசறது எல்லாம் சேர்த்து கிலோவுக்கு மொத்தம் 60 லிட்டர்னு வைங்க. 480 கிராம் ÷ 60 லிட்டர் = லிட்டருக்கு 8 கிராம், 8,000 மில்லிகிராம் டிடிஎஸ், அதாவது தண்ணியில் கரைஞ்சிருக்கற மொத்தத் திடப்பொருள். வெளியேத்தற தண்ணிக்கு வரம்பு 2,100. நாலு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. சாயம் பிடிக்கறதுக்குப் போடற சோடா ஆஷை நான் சேர்க்கவே இல்ல.

5 டன்னுக்கு: 3 லட்சம் லிட்டர் கழிவுநீர், 2,400 கிலோ உப்பு. ஒரே நாள்ல.

ஆர்ஓவில், அதாவது உப்பைத் தடுத்துத் தண்ணியை மட்டும் விடற சவ்வு வடிகட்டியில், பல கட்டமா ஓட்டி 85 சதம் நல்ல தண்ணி எடுத்தா 2,55,000 லிட்டர் மறுபடி பட்டறைக்கு. மீதி 45,000 லிட்டர் ரிஜெக்ட், அதாவது வடிகட்டி தள்ளிவிட்ட உப்புத்தண்ணி, அதுக்குள்ள அந்த 2,400 கிலோவும் இருக்கு. லிட்டருக்கு 53 கிராம். இதைக் காய்ச்சணும். எவாப்பரேட்டரில் ஒரு கிலோ நீராவி மூணு கிலோ தண்ணியை ஓட்டும்னா 15 டன் நீராவி. ஒரு கிலோ விறகுக்கு மூணு கிலோ நீராவின்னா தினம் 5 டன் விறகு. நிலையம் கட்டறதுக்குக் கடன் கிடைச்சுரும். தினம் 5 டன் விறகுக்குக் கடன் தர்ற பேங்க் கிடையாது. பல நிலையங்கள் கட்டி முடிச்சும் முழுசா ஓடாம நின்னதுக்குக் காரணம் தேடறீங்கன்னா முதல்ல பாயிலரைப் பாருங்க.

இங்க ஒரு விஷயம் இருக்கு, கேஸ்ல இதை விட்டுராதீங்க. அந்த ரிஜெக்ட் லிட்டருக்கு 53 கிராம் உப்பு. சாயக்குளியலுக்கு வேணுங்கறது 60. தினமும் தேவைப்படற குளியல் 5,000 × 8 = 40,000 லிட்டர். கையில் இருக்கறது 45,000. கிட்டத்தட்ட அப்படியே பொருந்துது! அப்போ காய்ச்சறதுக்குப் பதிலா உப்புத்தண்ணியையே திரும்பச் சாயத்துக்கு எடுத்துக்கலாம். பிரைன் மறுபயன்பாடுன்னு இதைத்தான் சொல்றது. காய்ச்சற சுமையும் உப்பு வாங்கற செலவும் சேர்ந்து இறங்கும்.

காகிதத்தில் பொருந்தற அளவுக்குத் தரையில் பொருந்தாது. ரிஜெக்டில் கால்சியம், மெக்னீசியம் சேர்ந்துக்கிட்டே வரும். கடினத்தன்மையை எடுக்காம விட்டா துணியில் திட்டுத்திட்டா நிறம் பிடிக்கும், அந்த பேட்ச் துணியே திரும்பி வந்துரும். மிச்ச நிறம் இருந்தா வெளிர் நிறத்துக்கு ஆகாது. பொது நிலையத்தில் ஒருத்தர் சோடியம் குளோரைடு, இன்னொருத்தர் சல்பேட் போட்டா ரெண்டும் கலந்து, பிரிச்செடுக்க முடியாத கலவை உப்பா நிக்கும். மூட்டை கட்டி ஷெட்ல அடுக்கறதைத் தவிர அதுக்கு வழி இல்ல. எல்லா உறுப்பினரும் ஒரே உப்புக்கு மாறணும். அது கெமிஸ்ட்ரி இல்ல, சங்க மீட்டிங். கணக்குப்பிள்ளை சொன்ன கூட்டுச் செயல்பாடு இங்கதான் உப்பு மூட்டையா வந்து நிக்குது.

இனி உங்க சண்டை. சுத்திகரிப்பு லிட்டருக்கு 20 பைசான்னு வச்சுக்கங்க. 60 லிட்டருக்கு கிலோவுக்கு 12 ரூபாய். ஒரு கிலோ துணியில் டி-ஷர்ட் அஞ்சு வரும்னா சட்டைக்கு 2 ரூபாய் 40 காசு. விவசாயி சொல்ற சில்லறைக் காசு அதுதான். ஆனா பட்டறைக்காரர் சட்டை விக்கறதில்ல. துணி அவருதில்ல. கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலிக்குச் சாயம் போடறவர். கூலி 80 ரூபாய்னா அதில் 12 போறது 15 சதம், அவர் மொத்த லாபமே அவ்வளவு இருக்குமான்னு கேட்டுப் பாருங்க. சட்டை விலையில் மறைஞ்சு போற காசு, கூலியில் கழுத்தைப் பிடிக்குது. அந்த 2.40ஐ யார் தலையில் போடறதுங்கறது பேரம். ஏற்றுமதியாளர், வெளிநாட்டு வாங்குபவர் ரெண்டு பேரும் உங்க கேஸ்ல இருக்காங்களா? பேட்டிப் பட்டியல்ல காணோமே.

பதில்: பாளையங்கோட்டை

இவ்வளவு சிக்கலான கேஸ் எதற்கு? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்தால் தொழிலும் சமூகமும் ஒரே இடத்தில் வந்துவிடும். 1976இல் 11 படுக்கையோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கியது, 1992இல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே தயாரிக்க அரோலேப், கட்டணம் கட்டுபவர்கள் மூலம் இலவச சிகிச்சை. தரவும் நிறையக் கிடைக்கிறது, உலகம் முழுக்க மேலாண்மை வகுப்புகளில் நடத்துகிறார்கள்.

பதில்: கணக்குப்பிள்ளை

நல்ல கேஸ்தான். அதனாலேயே ஆறு வாரத்துக்கு ஆபத்து. எல்லோரும் எழுதிவிட்டார்கள், இந்த மாணவர்கள் சுருக்கித்தான் எழுத முடியும். இன்னொன்று, வெற்றி பெற்றதை மட்டும் எடுத்து அதில் இருக்கும் அம்சங்களை எல்லாம் வெற்றிக்குக் காரணம் என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதே அம்சங்கள் இருந்தும் தோற்ற மருத்துவமனைகளை யாரும் கேஸாக எழுதுவதில்லை. அரவிந்தை எடுப்பவர், அந்த முறையைப் பின்பற்றப் பார்த்துத் திணறிய ஒரு மருத்துவமனையையும் பக்கத்தில் வைத்து எழுதினால் மட்டும் எடுங்கள் என்பேன்.

திருப்பூரில் முடிவு இன்னும் முழுதாகத் தீரவில்லை. அதுதான் அதன் நல்ல குணம்.

பதில்: நொய்யல்கரை

சமூகப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நாலு விவசாயிகளைப் பேட்டி எடுத்திருக்கிறீர்கள். நாலு பேருமே பட்டாதாரர்களா? அப்படியானால் இழப்பீடு கேட்கும் உரிமை உள்ளவர்கள் குரல் மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது. குத்தகைக்கு ஓட்டியவர், கூலிக்குப் போனவர், ஆடுமாட்டை ஆற்றோரம் மேய்த்தவர், குடிக்கத் தண்ணீர் தேடி நடந்த பெண்கள் இவர்கள் எந்தத் தீர்ப்பில் எந்தப் பத்தியில் வருகிறார்கள் என்று பென்சிலோடு உட்கார்ந்து குறியுங்கள். வராதவர்கள் பட்டியல்தான் உங்கள் களப்பணியின் பட்டியல். பட்டறை மூடியபோது வேலை போன தொழிலாளியும் அதில் வருவார். அவரை எம்பிஏ பக்கத்திலும் காணோம், எம்எஸ்டபிள்யூ பக்கத்திலும் காணோம் என்பதுதான் வழக்கம்.

கேட்கும் விதம். “மாசுபாட்டால் பாதிக்கப்பட்டீர்களா” என்றால் ஆமாம் என்ற பதில் மட்டும் வரும். நிகழ்ச்சியைக் கேளுங்கள், கருத்தைக் கேட்காதீர்கள். எந்தப் பயிரை எந்த வருஷம் நிறுத்தினீர்கள்? அதற்குப் பதில் என்ன வைத்தீர்கள்? மாட்டுக்கு எந்தத் தண்ணீர்? கிணற்றில் மோட்டார் கடைசியாக எப்போது ஓடியது? வருஷம் நினைவில்லை என்பார்கள். பெரிய பையன் பத்தாவது படிக்கும்போதா, மகள் கல்யாணத்துக்கு முன்னாலா, அணை கட்டி எத்தனை வருஷம் கழித்து என்று கேட்டால் வந்துவிடும். ஒரத்துப்பாளையம் அணை 1990களின் தொடக்கத்தில் முடிந்தது, நல்ல அடையாளக்கல். பாசனத்துக்குக் கட்டிய அணை கழிவுநீர்த் தேக்கமாகி, தண்ணீரைத் திறந்துவிடாதே என்று கீழே இருக்கும் விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது என்பதை உங்கள் அறிக்கையில் இரண்டு வரியில் கடந்து போகாதீர்கள்.

தண்ணீர்ச் சோதனை செய்வதாக இருந்தால்: கையடக்க ஈசி மீட்டர் (தண்ணீரின் மின்கடத்துதிறனை அளப்பது) போதும். கிளம்பும் முன் 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசலில் சரிபார்க்க வேண்டும், சரிபார்க்காத மீட்டர் எண் வெறும் எண். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். படித்த எண்ணை 0.64ஆல் பெருக்கினால் உத்தேச டிடிஎஸ். மீட்டர் 3,300 காட்டினால் ஏறத்தாழ 2,100.

இந்த 2,100ஐ வைத்து ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அது கழிவுநீரை வெளியேற்றும் வரம்பு, குடிநீர் அளவுகோல் இல்லை. குடிநீருக்கு இந்தியத் தரநிலை 500, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை. கிணற்றில் 1,900 வந்ததும் “வரம்புக்குள் உள்ளது” என்று எழுதிவிடாதீர்கள்.

ஒப்பிடக் கிணறு வேண்டும். ஆற்றோரம் திருப்பூருக்குக் கீழே ஐந்து, திருப்பூருக்கு மேலே ஐந்து, கீழேயே ஆற்றை விட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஐந்து. மேலே எடுக்கும் கிணறும் சுத்தமான ஒப்பீடு ஆகாது. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையின் சாக்கடையை வாங்கிக்கொண்டுதான் திருப்பூருக்கே வருகிறது. அதை ஒளிக்காமல் எழுதுங்கள். மூன்றாவது குழு இருப்பதே, அந்த மண்ணின் இயற்கையான உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் எடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு கிணறு, பின் இன்னொரு கிணறு என்று எடுத்தால் நீங்கள் அளந்தது மழையை.

பழைய புள்ளிவிவரத்தில் ஒரு பொறி: திருப்பூர் மாவட்டம் உருவானது 2009இல். அதற்கு முந்தைய விவசாயப் பரப்பு, கால்நடை எண்ணிக்கை எல்லாம் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டக் கணக்கில் இருக்கும். மாவட்ட அளவில் கோடு போட்டால் 2009இல் பெரிய சரிவோ ஏற்றமோ தெரியும், அது ஆற்றில் நடந்ததல்ல, தாலுகா மாறியது. வட்டம் அல்லது கிராம அளவுக்கு இறங்குங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் எதையாவது கேட்பதாக இருந்தால் இன்றைக்கே அனுப்புங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிலுக்கு 30 நாள். ஆறு வாரத்தில் இரண்டாம் வாரம் அனுப்பினால் பதில் வரும்போது நீங்கள் பைண்டிங் கடையில் இருப்பீர்கள். “மாசு பற்றிய எல்லாத் தகவலும்” என்று கேட்காதீர்கள். இந்த நிலையம், இந்த ஆண்டு, மாதவாரி வெளியேற்ற அளவு, மாதவாரி டிடிஎஸ் என்று கேளுங்கள்.

பேசியவர்கள் பெயரை எழுத வேண்டாம். ஊர், நிலத்தின் அளவு, கிணற்றின் ஆழம் மூன்றையும் சேர்த்து எழுதினாலே சின்ன ஊரில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒன்றையாவது விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: ரெண்டாம்வருஷம்

ரொம்ப நன்றிங்க. எம்எல்ஆர் அண்ணா கணக்கை ரெண்டு தடவை போட்டுப் பார்த்தோம். பட்டறைக்காரர்கிட்ட ஃபோன்ல கேட்டதுக்கு, அவர் பட்டறையில் எம்எல்ஆர் 1:6, மொத்தத் தண்ணி கிலோவுக்கு 45 லிட்டர்னு சொன்னார். அப்போ எல்லாமே குறையுமில்லையா, டிடிஎஸ்ஸும் வரம்புக்குக் கீழ வந்துருமா?

இன்னொண்ணு. 2011க்கு அப்புறம் ஏற்றுமதியில் ஏற்பட்ட மாற்றத்தை “மூடியதன் விளைவு”ன்னு எழுதியிருக்கோம். அது சரியா? அப்புறம் அந்த ஸ்டேப்ளர் பிரச்சினை இன்னும் தீரல.

பதில்: எம்எல்ஆர்

போட்டுப் பாருங்க தம்பி. 6 × 60 = 360 கிராம். 360 ÷ 45 = 8 கிராம். டிடிஎஸ் மாறவே இல்ல, அதே 8,000! தண்ணியும் உப்பும் ஒரே விகிதத்தில் குறைஞ்சுருக்கு. செறிவைப் பார்த்தா ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். ஆனா மொத்த உப்பு 2,400 கிலோவிலிருந்து 1,800 ஆயிருச்சு, கால்வாசி காணோம். தண்ணி 3 லட்சத்திலிருந்து 2,25,000. ஆர்ஓவும் விறகும் அதே அளவுக்கு இறங்கும்.

இன்னும் விபரீதம் ஒண்ணு: அலசற தண்ணியை மட்டும் மிச்சம் பிடிச்சா டிடிஎஸ் ஏறும். ஒழுங்கான பட்டறை ரிப்போர்ட்ல மோசமாத் தெரியும். கூடத் தண்ணி ஊத்தி நீர்த்துப் போகவிட்டவன் நல்லவனாத் தெரிவான். அதனால எப்பவும் ரெண்டு கணக்கும் போடுங்க, லிட்டருக்கு எவ்வளவு, நாளைக்கு மொத்தம் எவ்வளவு. ஆத்துக்கு முக்கியம் ரெண்டாவது.

பதில்: கணக்குப்பிள்ளை

ஏற்றுமதி பற்றி: “மூடியதன் விளைவு” என்று எழுதும் முன் அதே நேரத்தில் நடந்த மற்றவற்றைப் பட்டியல் போடுங்கள். 2010-11இல் பருத்தி, நூல் விலை தாறுமாறாக ஏறியது. 2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. மேற்கத்திய நாடுகளில் தேவை மந்தம். இந்த மூன்றும் பட்டறை மூடாமலிருந்தாலும் பனியன் கம்பெனியை அடித்திருக்கும்.

பிரித்தறிய ஒரு வழி: ஒவ்வொரு விளக்கமும் உண்மையானால் வேறு எங்கே அதன் தடம் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். நூல் விலைதான் காரணமென்றால் இன்னொரு பின்னலாடை ஊரான லூதியானாவும் அதே மாதங்களில் அடிவாங்கியிருக்க வேண்டும். மின்வெட்டு என்றால் தமிழ்நாட்டின் மற்ற தொழில் ஊர்களிலும் தெரியும், 2011 பிப்ரவரியில் இல்லாமல் பின்னால் தெரியும். சாயப்பட்டறை மூடல் என்றால் அந்த பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்கி, வெள்ளைத் துணியைவிடச் சாயத்துணியில் அதிகம் தெரிய வேண்டும். வெளியூருக்குப் போன லாரி வாடகையிலும் தெரிய வேண்டும். ஆண்டுக் கணக்கு இதற்கு உதவாது, மாதக் கணக்கு வேண்டும்.

ஏற்றுமதி எண் ரூபாயிலா டாலரிலா என்று பாருங்கள். 2011 நடுவில் டாலர் 45 ரூபாய்ப் பக்கம் இருந்தது, 2013 ஆகஸ்டில் 65ஐத் தாண்டியது. ரூபாயில் வளர்ச்சி என்று கொண்டாடியதில் எவ்வளவு துணி, எவ்வளவு நாணயம் என்று பிரிக்காமல் “தொழில் மீண்டெழுந்தது” என்று எழுதக்கூடாது.

ஸ்டேப்ளர் பிரச்சினை: இரண்டு பக்கத்துக்கும் ஒரே அலகு கொடுங்கள். அந்த அலகு ஒரு கிலோ சாயத்துணி. எம்எல்ஆர் போட்ட கணக்கு முழுக்க அந்த அலகில்தான் இருக்கிறது. ஒரே அட்டவணை, இடப்பக்கம் ஆட்கள்: வாங்குபவர், ஏற்றுமதியாளர், பட்டறை உரிமையாளர், பட்டறைத் தொழிலாளி, கீழ்ப்புற விவசாயி, கூலி ஆள், அரசு. மேலே மூன்று காலம்: உப்புத்தண்ணீர் ஆற்றுக்குப் போனபோது, பட்டறை மூடியிருந்தபோது, முழுச் சுத்திகரிப்பு ஓடும்போது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஒரு கிலோவால் இவருக்கு என்ன மிச்சம், என்ன நஷ்டம். ரூபாயில் சொல்ல முடிந்தால் ரூபாய். கிணறு போனது, குடிக்கத் தண்ணீர் தேடி நடந்தது போன்றவற்றை ரூபாயாக்க மெனக்கெட வேண்டாம், நடந்ததை அப்படியே எழுதுங்கள். எம்பிஏ மாணவர் விவசாயியின் வரிசையை நிரப்பட்டும், எம்எஸ்டபிள்யூ மாணவர் பட்டறை உரிமையாளரின் வரிசையை நிரப்பட்டும். கட்டாயம் மாற்றி. அவரவர் வரிசையை அவரவர் நிரப்பினால் மறுபடி இரண்டு கட்டுரைதான் வரும்.

12 பக்கத்தில் முடிவெடுப்பவரும் தேதியும் அரைப் பக்கம். பின்னணி ஒன்றரைப் பக்கம், அதற்கு மேல் ஒரு வரி கூடாது. உப்புக் கணக்கும் பணக் கணக்கும் நான்கு பக்கம். அந்த அட்டவணையும் அதன் விளக்கமும் மூன்று. நான்கு வழிகளை எடைபோட்டு ஒன்றைத் தேர்வது இரண்டு. மீதி ஒரு பக்கத்தில், உங்கள் தேர்வு எந்த எண் மாறினால் தவறாகிவிடும் என்று எழுதுங்கள். விறகு விலையா, கூலியா, மூடியிருக்கும் மாதமா, ஒன்றொன்றாக மாற்றிப் பார்த்தால் தெரியும். பெரும்பாலும் மாதம்தான்.

பதில்: நொய்யல்கரை

அட்டவணையில் ஒரு வரிசை கூட்டுங்கள்: துணி சாயத்துக்குப் போன வெளியூரின் ஆற்றோரக்காரர். திருப்பூரில் மூடிய மாதங்களில் சாயம் எங்கே போடப்பட்டது என்று அந்த இரண்டு உரிமையாளர்களையும் கேளுங்கள். ஊர்ப் பெயர் சொல்வார்கள். அந்த ஊரில் அப்போது உப்பு எங்கே போனது என்பதைக் கேட்க ஒரு நாள் ஒதுக்குங்கள்.